இடி ஆபீஸ் முத்துப்பேச்சி

ஆள் செத்தபோது வராத மிஷின், கம்பி எரிந்தபோது வந்தது. இந்தக் கதையை வேறெப்படித் தொடங்கினாலும் அது பூசி மெழுகுவதாகத்தான் இருக்கும்.

பள்ளிவாசல் மின்நிலையத்திலிருந்து மலைக்கு மலை தாவிப் போகும் மின்கம்பிகளில் ஐப்பசி பிறந்தால் இடி விழும். அடிவாரத்து ஊர்களில் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் பெரிய இடத்து ஆட்களுக்குக் கோபம் வரும். அதனால் எழுபத்தேழாம் வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இடி எங்கே விழுகிறது, எந்த வழியாக நகர்ந்து வருகிறது என்று தரையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அதற்கு மூன்று இடங்களில் மூன்று குடில் போட்டார்கள். ஒன்று மூணாறுக்குக் கிழக்கே, இந்தத் தேயிலை எஸ்டேட்டில். இன்னொன்று தெற்கே சக்குபள்ளத்து ஏலக்காட்டில். மூன்றாவது வடக்கே, பாலக்காட்டுச் சீமையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரம்.

எஸ்டேட்டில் இருந்த தகரக் குடிலுக்கு லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் ‘இடி ஆபீஸ்’ என்று பேர் வைத்தார்கள். கூரைமேல் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பெரிய கம்பி வளையங்கள் நின்றன. உள்ளே மேஜைமேல் ஒரு பெட்டி, அதன் முகத்தில் சின்னத் தட்டு அளவுக்கு வட்டக் கண்ணாடி. எங்காவது மின்னல் வெட்டினால் கண்ணாடியில் பச்சைக் கோடு ஒன்று பளிச்சென்று தோன்றி மறையும். கோடு எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் இடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோட்டுக்கு இரண்டு முனை உண்டே. கிழக்கும் மேற்குமாகக் கோடு படுத்தால் இடி கிழக்கிலா மேற்கிலா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மற்ற இரண்டு குடில்காரர்களும் வயர்லெஸ்ஸில் தங்கள் கோட்டைச் சொல்ல வேண்டும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் மூன்று ஊருக்கும் மூன்று ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு நூல். மூன்று நூலையும் அந்தந்தத் திசைக்கு இழுத்துப் பிடித்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் இடி.

நூலை இழுத்துப் பிடிக்கிற வேலைதான் முத்துப்பேச்சிக்கு. எட்டாம் வகுப்பு படித்தவள், எண்களை ஒழுங்காக வாசிப்பாள் என்று எஸ்டேட் காரணம் சொன்னது. உள் விஷயம் எல்லாருக்கும் தெரியும். முந்தின ஐப்பசியில் அவள் புருஷன் சோலை பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் இடி விழுந்து செத்துப்போனான். அவள் பங்களா வாசலில் போய் நின்று, தோட்டக்காரன் முதல் சமையல்காரன் வரை கேட்கும்படி மானேஜர் தொரையை ஏசினாள். மறுநாளும் ஏசினாள். அந்த வாயை அடைக்க ஒரு வேலை தேவைப்பட்டது, கொடுத்தார்கள். அடைந்துவிடும் என்று நம்பினார்கள், பாவம்.

சோலையைக் கொன்றது இடி மட்டுமில்லை. அந்த எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஃபாக்டரி சங்கு ஊதினால்தான் காட்டை விட்டு இறங்கலாம். வானமே கிழிந்து தலையில் விழுந்தாலும் சங்குக்கு முன்னால் இறங்கினால் அரைப்பேர், பாதி நாள் கூலிதான். ஆகவே இடி இடித்தால் ஜனங்கள் மேலேயே நிற்பார்கள். கையில் இருக்கும் இரும்பைத் தூர வீசிவிட்டு, நிழல்மரத்தடியில் ஒண்டிக்கொண்டு, ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரும்பு கையில் இல்லாவிட்டால் இடி வராது என்று அவ்வளவு நம்பிக்கை. சோலையும் கவாத்துக் கத்தியை வீசிவிட்டு மரத்தடிக்குத்தான் போனான். இடி அந்த மரத்தின் வழியாகவே இறங்கியது. கத்தி கிடந்த இடத்தில் ஒரு புல்கூடக் கருகவில்லை.

தெய்வச் செயல் என்றது எஸ்டேட். லயம் அதற்கும் மேலே போனது. பொய்ச்சத்தியம் பண்ணினவனைத்தான் இடி தேடி வந்து எடுக்கும், சோலை எந்தக் கோயிலில் கற்பூரம் அணைத்தானோ என்று கிசுகிசுத்தார்கள். உயிரோடு இருந்தவரை சோலை கோயில் பக்கம் போனதே சுண்டலுக்குத்தான். அதை முத்துப்பேச்சி யாரிடம் போய்ச் சொல்வாள்? இடி ஆபீஸில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. கண்ணாடியில் வருகிற கோட்டுக்கு யார் பொய்யன், யார் மெய்யன் என்ற கவலையே இல்லை. அது போடிமெட்டுப் பக்கம் கிளம்புகிறது, மேடு மேடாகக் கால்வைத்து வருகிறது. நூல்கள் வெட்டுகிற இடம் நகர்ந்து நகர்ந்து வருவதைப் பார்த்தால், அது எஸ்டேட்டுக்கு வருமா, விலகிப் போகுமா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் சோலை நின்ற அன்றைக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். இந்த நினைப்பு வந்தபிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஓர் ஆளையும் அங்கே அப்படி நிற்க விடுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டாள். யாரும் அவளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

குடிலுக்குப் பக்கத்தில்தான் பெரட்டுக்களம், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிக்கும் மைதானம். அங்கே ஒரு மணி தொங்கியது. ஒரு மத்தியானம் நூல்கள் எஸ்டேட்டை நெருங்கியபோது முத்துப்பேச்சி ஓடிப்போய் அந்த மணியை அடித்தாள். காட்டிலிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தார்கள். வந்து கொஞ்ச நேரத்தில் மேலே இடி கொட்டு கொட்டென்று கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யார் நன்றி சொல்வார்கள்? எல்லாருக்கும் அரைப்பேர் விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்த தடவைதான் வம்பு. அன்றைக்கு வயர்லெஸ் பெட்டியின் பேட்டரி செத்துக் கிடந்தது. வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் குரல் இல்லை. கண்ணாடியில் கோடு மட்டும் கிழக்கு மேற்காக வெட்டி வெட்டி நீண்டது. போடிமெட்டிலிருந்து வருகிறதா, மேற்கே காட்டுக்கு மேல் போகிறதா? அவளுக்குத் தெரியவில்லை. மணியை அடித்தாள். பெண்கள் இறங்கி வந்தார்கள். வானம் கழுவி விட்டது போல நீலமாக இருந்தது. சாயங்காலம் வரை ஒரு தூறல் இல்லை.

மறுநாள் மானேஜர் தொரை, இன்ஜினீயர் சுவக்கீனையும் கூட்டிக்கொண்டு குடிலுக்கு வந்தார். மிஷினை அங்கே வைத்துவிட்டுப் போனவர் சுவக்கீன்தான். கடற்கரை ஊர்க்காரர், கெட்ட மனுஷர் இல்லை, சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

“யாரைக் கேட்டு மணி அடிச்சே?” என்றார் தொரை.

“கோட்டைக் கேட்டு அடிச்சேன்.”

சுவக்கீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “முத்துப்பேச்சி, நான் சொல்லித் தந்தேனா இல்லியா? வயர்லெஸ் இல்லாத நேரம் இது ஒத்தக் கண்ணு மிஷினாக்கும். கெழக்கா மேற்கான்னு அதுக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியலை சார். தெரியாததுனாலதான் அடிச்சேன்.”

“தெரியாம மணி அடிக்கலாமா?” என்று தொரை கத்தினார்.

“தெரியாம ஆளை மேல நிப்பாட்டலாமா?”

சுவக்கீன் தாழ்ந்த குரலில், “இது கரண்டு லைனுக்கு உள்ள மிஷின். ஆளுக்கு உள்ளது இல்லை கேட்டியா. அதை வெச்சு வேற காரியம் செய்தா எனக்குப் பதில் சொல்ல முடியாது” என்றார்.

“கம்பியில விழுற இடி ஒரு சாதி, ஆளு மேல விழுற இடி வேற சாதியா சார்? தப்பா அடிச்ச மணிக்கு எத்தனை பேருக்கு அரைப்பேருன்னு தொரை விரல் விட்டு எண்ணிட்டாரு. அடிக்காத மணிக்கு என் வீட்டுல ஒருத்தரு போயிட்டாரு. அதை எந்த விரல்ல எண்ணுவாரு?”

தொரையின் முகம் சிவந்தது. அவர் வெளியே போய் ஃபாக்டரி ஃபிட்டரை வரச்சொல்லி, அவள் பார்க்கும்படியே மணியைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை ஆட்களை இறக்கினால் வேலையும் கிடையாது, லயத்து வீடும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துப்பேச்சி அந்த லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பன் போடிப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்ததோடு கீழே இருந்த சொந்தமெல்லாம் அறுந்துபோயிற்று. வீட்டை விட்டுப் போ என்றால் அவளுக்குப் போக ஊர் இல்லை.

அதைவிட வலித்தது குழாயடியில். பூமாரி அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. கொழுந்து எடுப்பதில் முதல் கை, வாயிலும் முதல் கை. முத்துப்பேச்சி குடத்தோடு வந்ததும் அவள் தொடங்கிவிட்டாள்.

“வந்துட்டாடி இடி ஆபீஸரம்மா. ஏத்தா, உம் புருசன் போனதுக்கு எங்க வயித்துல ஏன் அடிக்கிற? வெயிலு மண்டையப் பொளக்குது, எறங்குங்கடின்னு மணி அடிக்கிற. நீ நெழல்ல குந்திக்கிட்டுக் கண்ணாடி பாக்குற. நாங்க அப்படியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். முத்துப்பேச்சிக்குப் பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் பூமாரி சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. அவள் குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து அழுதாள். அழுது முடித்ததும் முன்னைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

புதுப் பேட்டரி வந்தது. குரல்கள் திரும்பின. கொழிஞ்சாம்பாறைக் குடிலில் இருந்தவர் கந்தப்பன். கரும்பும் கடலையும் போடுகிற குடியானவர், ஆராய்ச்சிக்காரர்களுக்கு நிலம் கொடுத்தவர் என்பதால் அவரையே உட்கார வைத்திருந்தார்கள். முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் குரல் எப்போதும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டவர் குரல் மாதிரி நிதானமாக இருக்கும். சக்குபள்ளத்தில் இருந்த வேதமுத்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அந்த மத்தியானம் பெண்கள் சோறு தின்றுவிட்டு மறுபடி காட்டுக்கு ஏறியிருந்தார்கள். வெயில் சுள்ளென்று இருந்தது. கண்ணாடியில் முதல் கோடு வந்தபோது முத்துப்பேச்சி நூலை எடுத்தாள். வடக்கிலிருந்து ஒரு நூல், தெற்கிலிருந்து ஒரு நூல், அவளுடையது ஒன்று. மூன்றும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டின. அடுத்த முறை மெட்டின்மேலேயே வெட்டின. அதற்கடுத்த முறை இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயில் அப்படியேதான் இருந்தது. கிழக்கு மேட்டுக்குப் பின்னால் மட்டும் வானம் ஈயப் பாத்திரம் போலக் கறுத்திருந்தது.

“அம்மிணி, இருக்கீங்களா?” கந்தப்பனின் நிதானம் அன்றைக்கு இல்லை. “கோடு உங்கூட்டுப் பக்கமே சாயுதுங்க. ஏனுங்க, ஆளுங்க காட்டுலீங்களா?”

“காட்டுலதான் இருக்காளுக அண்ணே.”

“எறக்கீருங்க அம்மிணி.”

“மணியப் புடுங்கிட்டாக.”

“அப்ப என்ன பண்றதுங்க?” என்றார் கந்தப்பன்.

முத்துப்பேச்சி வெளியே ஓடினாள். பெரட்டுக்களத்துக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறிக் கத்தினாள். “இறங்குங்கடீ! இறங்குங்க!” காற்று அவள் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போனது. எதிர் மலையில், பத்தாம் நம்பர் காட்டில், பூமாரியும் மற்றவர்களும் வண்ண வண்ணப் புள்ளிகளாக வரிசை வரிசையாக நிரைபிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஃபாக்டரிக்கு ஓடிச் சங்கை ஊதச் சொல்லலாம். தொரை சொல்லாமல் வாட்ச்மேன் கதவைத் திறக்க மாட்டான். அங்கே கெஞ்சிக்கொண்டு நிற்க நேரம் இல்லை.

மலைக்கு மலை கேட்கிற ஒரு சத்தம் பெண்களுக்கு உண்டு. மாரியம்மன் கோயிலில் கரகம் எடுக்கும்போது போடுவார்கள், பெண் பெரியவளானால் போடுவார்கள், கல்யாணத்தில் போடுவார்கள். நாக்கை மடக்கிச் சுழற்றிக் குலவை போட்டால் பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர் மலையில் முட்டும். ஆனால் தாலி அறுத்தவள் குலவை போடக் கூடாது. போட்டால் அது காதில் விழுந்த வீடு விளங்காது என்பார்கள். சோலை போனபிறகு வந்த கோயில் கொடை விழாவில் முத்துப்பேச்சி வாயை மூடிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தாள். நல்ல நாளிலேயே போடக் கூடாதவள், இடிக்கும் மழைக்குமா குலவை போடுவது?

முதல் முழக்கம் கிழக்கே உருண்டது. விளங்காமல் போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். உயிரோடு இருந்து விளங்காமல் போகட்டும். அவள் வாயருகே கையை வைத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் குலவை போட்டாள்.

புள்ளிகள் நின்றன. அப்புறம் பூமாரி சொல்லித்தான் அங்கே நடந்தது தெரியும். கோயில் இல்லை, கொடை இல்லை, எங்கேயிருந்து குலவை என்று எல்லாரும் திகைத்திருக்கிறார்கள். பாறைமேல் நிற்பது முத்துப்பேச்சி என்று கண்டதும் ஒருத்தி, சாமி வந்திருச்சு என்றாளாம், இன்னொருத்தி, புத்தி பேதலிச்சிருச்சு என்றாளாம். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாளாம். கிழவிக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஒருத்தி போட்ட குலவையைத் தனியாக அடங்க விடக் கூடாது. காதில் விழுந்தவள் எடுத்துப் போட வேண்டும், அதுவும் வழக்கம்தான். விதவையின் குலவையை எடுத்துப் போட்டால் ஒரு பாவம், எடுக்காமல் விட்டால் இன்னொரு பாவம். அவர்கள் முழித்துக்கொண்டு நின்றபோது முத்துப்பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போட்டாள். இந்த முறை குரல் பாதியில் உடைந்தது.

உடைந்ததைப் பூமாரி எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குலவை அப்படி உடைஞ்சு போய்க் கெடந்தா பாக்கச் சகிக்குமா என்பாள். அவள் எடுத்ததும் பக்கத்து நிரையில் எடுத்தார்கள். பத்தாம் நம்பரிலிருந்து அடுத்திருந்த பாறைக்காட்டுக்குப் போயிற்று, பாறைக்காட்டிலிருந்து மேட்டுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத காட்டுக்குப் போயிற்று. மூன்று குடில் போட்டு, கம்பி கட்டி, பேட்டரி வைத்துச் செய்கிற வேலை அது. பெண்கள் வெறும் வாயால் செய்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு புள்ளிகள் இறங்கத் தொடங்கின.

கங்காணி சிலுவைராஜ் நடுப்பாதையில் கையை விரித்துக்கொண்டு நின்றான். “சங்கு ஊதலை! எறங்குனா அரைப்பேரு!”

“அரைப்பேரு என்ன, காப்பேரே போட்டுக்க” என்று பூமாரி அவன் கைக்குக் கீழே குனிந்து வந்துவிட்டாள். மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். கடைசிப் பெண்ணும் தாண்டியதும் சிலுவைராஜ் வானத்தைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், பிறகு அவனும் பின்னாலேயே ஓடி வந்தான்.

பாதை ரோட்டில் சேரும் இடத்தில் தொரையின் ஜீப் குறுக்கே நின்றது. மேலே தார்ப்பாய், பக்கத்தில் கதவு. அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். இதற்குள் வெயில் போய், காற்று குளிர்ந்து, முழக்கம் தலைக்குமேல் வந்திருந்தது.

“சங்கு ஊதுச்சா? திரும்பி ஏறுங்க எல்லாரும்!”

பெண்கள் நின்றார்கள். முத்துப்பேச்சி பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்து அவர்களுக்கும் ஜீப்புக்கும் நடுவில் நின்றாள். மூச்சு இரைத்தது, பேச்சு வரவில்லை. பூமாரிதான் பேசினாள். முந்தின வாரம் குழாயடியில் ஏசிய அதே வாய்.

“ஏறுறோம் தொரை. நீங்க ஜீப்பை விட்டு எறங்கி இங்கன ரோட்டுல நில்லுங்க. நீங்க நிக்கிறதப் பாத்துக்கிட்டே நாங்க ஏறிடுறோம்.”

அவருக்கு வேறு வழியில்லை. இத்தனை பெண்கள் பார்க்கிறார்கள், கங்காணி பார்க்கிறான், டிரைவர் பார்க்கிறான். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அப்போது வெட்டியது ஒரு வெட்டு. மலை, ரோடு, முகம் எல்லாம் ஒரு நொடி வெளுத்துப் போயின. கூடவே இடி. கண்ணைத் திறந்து பார்த்தால் தொரையின் கால் ரோட்டில் இல்லை, கதவும் சாத்தியிருந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பயத்தில் வந்த சிரிப்புதான். ஒருத்திக்கு வந்து, இன்னொருத்திக்கு வந்து, எல்லாரும் கூடையோடு நனைந்துகொண்டே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தபடியே ஜீப்பைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்களத்துக் கொட்டகைக்குள் ஓடினார்கள். முத்துப்பேச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கொட்டகை வாசலில் நின்று உள்ளே வருகிறவர்களின் தோளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இடி பத்தாம் நம்பரில் விழவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் மொட்டைப் பாறையில் விழுந்தது. மழை விட்டபிறகு பார்த்தால் காட்டில் ஓர் இலை கருகவில்லை. தொரைக்கு அது போதுமாக இருந்தது. மறுபடியும் பொய், மறுபடியும் ஒரு நாள் வேலை பாழ் என்றார். ஆனால் அவர் மன்னிக்காதது வேலை பாழானதை இல்லை, அந்தச் சிரிப்பைத்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே சிலுவைராஜ் வந்து வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், குடில் சாவியை வாங்கிக்கொண்டான். வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம்.

முத்துப்பேச்சி பெட்டி கட்டவில்லை. எங்கே போவது என்று யோசிக்கவும் இல்லை. காலையில் எழுந்து, தலைவாரி, பெரட்டுக்களத்துக்குப் போய் எல்லாரோடும் நின்றாள். தூக்கி வெளியே போடுவதானால் ஊர் பார்க்கப் போடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

தொரை வந்தார். கூடவே சுவக்கீனும் வந்திருந்தார், குடிலுக்குப் புதிதாக யாரை வைப்பது என்று பேச. சிலுவைராஜ் பேர் வாசிக்கத் தொடங்கினான். முதல் பேர் பூமாரி. அவள் பதில் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தாள். கூடையைக் கழற்றிப் பக்கத்தில் கவிழ்த்தாள். அடுத்த பேருக்கு அடுத்தவள் உட்கார்ந்தாள். காதைப் பொத்திய கிழவி தன் பேரை வாசிக்கும் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். சிலுவைராஜ் வாசிப்பதை நிறுத்தினான்.

“என்ன இது?” என்றார் தொரை.

“இடி ஆபீஸ்ல முத்துப்பேச்சி குந்தட்டும், நாங்க ஏறுறோம்” என்றாள் பூமாரி.

“அவ சொன்ன இடி எங்கடி? ரெண்டு தடவை உங்களை ஏமாத்தியிருக்கா. நேத்தும் காட்டுல விழுந்துச்சா? நீங்களே சொல்லுங்க!”

“விழலை.”

“அப்புறம்?”

பூமாரி உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். “தப்பாத்தான் சொல்லுவா. சொல்லட்டும். தப்புன்னா நாங்க எறங்கி வந்து அவளை நாறடிச்சுப்புடுவோம், அது எங்களுக்கும் அவளுக்கும் உள்ளது. ஏசுறதுக்கு ஆளு மிச்சம் இருக்கும்ல தொரை. சோலையண்ணன் பொண்டாட்டிக்கு அப்படி ஏசக்கூட ஒரு ஆளு மிச்சமில்லாமப் பண்ணிட்டீகளே.”

சோலையண்ணன். அந்தப் பேரை லயத்தில் ஒருத்தி கிசுகிசுக்காமல் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. முத்துப்பேச்சி அங்கேயே, எல்லார் முன்னாலும், வாய்விட்டு அழுதாள்.

தொரை சுவக்கீனைப் பார்த்தார். சண்டை என்றால் ஒதுங்குகிற மனுஷர் அன்றைக்கும் ஒதுங்கத்தான் பார்த்தார், ஆனால் ஒதுங்கிய பக்கம் வேறு. “என் மிஷினுக்கு அவளை விட்டா வேற ஆளில்லை கேட்டீங்களா” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கொழுந்து ஒரு நாள் நின்றால் முற்றும், இன்னும் நின்றால் ஃபாக்டரி நிற்கும். இது தொரைக்கும் தெரியும், உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் தெரியும். வெயில் ஏறும்வரை அவர் நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து முத்துப்பேச்சியின் காலடியில் போட்டார்.

அவள் குனியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கையில குடுங்க தொரை.”

சிலுவைராஜ் சாவியை எடுத்துக் கொடுக்கப் போனான். “நீ எடுக்காதண்ணே” என்றாள் முத்துப்பேச்சி. தொரை ஒரு முறை ஜீப்பைப் பார்த்தார், ஒரு முறை பெண்களைப் பார்த்தார். அப்புறம் குனிந்தார். சாவியைத் தூசியோடு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“மணி கிடையாது” என்றார், தோற்றவர் கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

“மணிய நீங்களே வச்சுக்கங்க. பங்களாவுல சாப்பாட்டுக்கு அடிச்சுக்கலாம்” என்றாள் பூமாரி எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு.

அவர்கள் மலை ஏறினார்கள். முத்துப்பேச்சி குடிலைத் திறந்தாள். பெட்டியின் சுவிட்சைப் போட்டு, கண்ணாடி சூடாகும்வரை நின்றாள். நூல்கள் யாரோ பிடித்து இழுத்தது போலச் சிக்கலாகிக் கிடந்தன. பிரித்து ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினாள். வயர்லெஸ் கொஞ்ச நேரம் இரைந்தது.

“எஸ்டேட்டுங்களா?” கந்தப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏனுங்க, காத்தாலயிருந்து கூப்பிட்டுட்டே இருக்கறனுங்க, பதிலே இல்லீங்க. ஆள மாத்திப் போட்டாங்களா? யாருங்க பேசறது?”

முத்துப்பேச்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர் மலையில் புள்ளிகள் நிரைக்கு ஒன்றாகப் பிரிந்துகொண்டிருந்தன.

“நாந்தாண்ணே” என்றாள். “முத்துப்பேச்சி. சொல்லுங்க, எந்தப் பக்கம்?”